டெத் மெட்டல் எப்படித் தோன்றியது? புதிதாகக் கேட்பவர் எந்தக் குழுவில் தொடங்கலாம்?

கேள்விக்குக் கீழே, "எனக்கு எல்லாமே ஒரே கத்தலாகத்தான் கேட்கிறது, இதற்கெல்லாம் வரலாறு இருக்கிறதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது. டெத் மெட்டல் என்பது ராக் இசையிலிருந்து வந்த மெட்டலின் ஒரு முரட்டு வகை, உறுமல் குரலில் பாடுவது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

டெத் என்ற குழுவில் தொடங்குங்கள். குழுவின் பெயரே அதுதான். 1987 முதல் 1998 வரை அவர்கள் போட்டது மொத்தம் ஏழு ஆல்பம். அந்த ஏழையும் வெளிவந்த வரிசை மாறாமல் கேட்டால், இந்த இசை எங்கே பிறந்தது, எப்படி வளர்ந்தது என்பதை உங்கள் காதே சொல்லிவிடும். மற்ற குழுக்களை நடுநடுவே சேர்த்துக்கொள்ளலாம்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன், கிருஷ்ணகிரிக்குப் பக்கம். எங்கள் பெரியப்பா அங்காளம்மனுக்குப் பம்பை வாசிக்கிறவர். மகா சிவராத்திரிக்கு அடுத்து வரும் மாசி அமாவாசையில் எங்கள் ஊரில் மயானக் கொள்ளை நடக்கும். பிரம்மனின் வெட்டுண்ட தலை சிவன் கையை விட்டு இறங்காமல் ஒட்டிக்கொள்ள, சுடுகாட்டில் சோற்றை இறைத்து அந்தத் தலையை இறங்க வைத்து மிதித்தாள் அங்காளம்மன் என்பது கதை. காளி வேஷம் போட்டவர்கள் மண்டையோடும் எலும்புமாகச் சாம்பல் பூசிக்கொண்டு ஆடிப் போவார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்தவர். அவர்தான் என்று நன்றாகத் தெரிந்தும் சின்ன வயதில் அன்று மட்டும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன். அதனால் 2008இல் ஹாஸ்டலில் சீனியர் அண்ணன் ஒருவர் கம்ப்யூட்டரில் டெத் மெட்டல் ஆல்பங்களின் அட்டைப் படங்களைக் காட்டியபோது மற்ற பையன்கள் முகம் சுளித்தார்கள், எனக்கு அது அந்நியமாகவே தெரியவில்லை. பிடிபடாமல் போனது சத்தம்தான். அதற்கு ஆறு மாதம் ஆனது.

சரி, வரலாற்றுக்கு வருகிறேன்.

1983இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சக் ஷுல்டினர் என்ற பதினாறு வயதுப் பையன், ரிக் ராஸ், காம் லீ என்ற இரண்டு பேரோடு சேர்ந்து மான்டாஸ் என்று ஒரு குழு தொடங்கினான். சக்குக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவன் அண்ணன் விபத்தில் இறந்துபோனான். துக்கத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவர அப்பா அம்மா கிடார் வாங்கிக் கொடுத்தார்கள். முறையான வகுப்பு அவனுக்கு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டான். பிறகு எலெக்ட்ரிக் கிடார் கைக்கு வந்ததும் அதைக் கீழே வைக்கவே இல்லை. 1984இல் குழுவின் பெயர் டெத் என்று மாறியது.

அப்போது அவர்களுக்கு இசைத்தட்டுக் கம்பெனி கிடையாது. கேசட்டில் பதிவு செய்வார்கள், பிரதி எடுப்பார்கள், தபாலில் அனுப்புவார்கள். வாங்கியவர் இன்னொரு பிரதி எடுத்து வேறு ஊருக்கு அனுப்புவார். இந்த இசை உலகம் முழுக்கப் பரவியது முதலில் இப்படித்தான், தபால்காரர் கையால். பெரிய நகரத்தில் பிறக்காதவர்களுக்கு இதன் அருமை தெரியும். எங்கள் ஹாஸ்டலில் பென் டிரைவ் அறை அறையாகப் போனதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

அதே 1984இல் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் பொசெஸ்டு என்ற குழு போட்ட டெமோவின், அதாவது வெள்ளோட்டப் பதிவின், பெயர் டெத் மெட்டல். 1985இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான செவன் சர்ச்சஸின் கடைசிப் பாட்டுக்கும் அதே பெயர். பள்ளிக்கூடம் முடிக்காத பையன்கள், ஈஸ்டர் விடுமுறையில் பதிவு செய்தார்கள். முதல் டெத் மெட்டல் குழு பொசெஸ்டா, டெத்தா என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. என் கணக்கில் பெயரை வைத்தவர்கள் இவர்கள், அதை வளர்த்து ஆளாக்கியவர் சக். பொசெஸ்டின் பாடகர் ஜெஃப் பெசெராவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1989இல் வழிப்பறிக்காரர்கள் சுட்டதில் அவருக்குக் கால் இரண்டும் செயலிழந்தன. பல வருடம் இசையை விட்டு விலகியிருந்தவர், பிறகு சக்கர நாற்காலியில் மேடைக்குத் திரும்பினார். 2019இல் புது ஆல்பமும் போட்டார். அதைக் கேட்டுப் பாருங்கள், குரலில் ஒரு தளர்ச்சி இல்லை.

டெத்தின் முதல் ஆல்பமான ஸ்க்ரீம் பிளடி கோர் 1987இல் வந்தபோது சக்குக்கு இருபது வயது. பாட்டு, கிடார், பேஸ் மூன்றும் அவர்தான், டிரம்ஸ் மட்டும் கிறிஸ் ரைஃபர்ட். பேய்ப்படம் பார்த்த பையனின் கற்பனைதான் அதில் முழுக்க. அடுத்த வருடம் லெப்ரசி. தொழுநோய் என்று பெயர். ஊரால் ஒதுக்கப்பட்டவரைப் பற்றிய பாட்டு அது. இங்கேயே சக்கின் எழுத்து மாறத் தொடங்கிவிட்டது.

அதே ஆல்பத்தில் புல் தி பிளக் என்று ஒரு பாட்டு. எட்டு வருடம் அதன் தாளத்துக்காக மட்டும் கேட்டேன். 2016இல் அப்பாவை ஐசியூவில் பதினோரு நாள் வென்டிலேட்டரில் வைத்திருந்தோம். அம்மா வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். என்ன செய்யலாம் என்று டாக்டர் கேட்ட அன்று, பதில் சொல்லும் பொறுப்பு என் மேல் விழுந்தது. எல்லாம் முடிந்து சில வாரம் கழித்து ஒரு இரவு பஸ்ஸில் வரும்போது இந்தப் பாட்டு வந்தது. இயந்திரத்தால் மட்டும் உயிரோடு வைக்கப்பட்டிருப்பவன், படுக்கையிலிருந்தபடி தன்னை விட்டுவிடச் சொல்லிக் கேட்கிற பாட்டு. வரிகளை முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். அந்த உறுமல் குரல் எதற்கு என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. இனிமையான குரலில் அதைப் பாடியிருந்தால் என்னால் கேட்டிருக்க முடியாது.

1990இல் ஸ்பிரிச்சுவல் ஹீலிங். இதில் பேய் பிசாசு போய், பக்தியின் பெயரால் ஏமாற்றுகிறவர்கள், போதைக்கு அடிமையான தாயின் வயிற்றில் பிறக்கும் குழந்தை என்று நாட்டு நடப்பு வந்துவிட்டது. அந்த வருட ஐரோப்பியப் பயணத்துக்கு சக் வர மறுத்தார். கூட இருந்தவர்கள் அவர் இல்லாமலேயே அதே பெயரில் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அவர் நிலையான குழு என்று ஒன்றை வைத்துக்கொள்ளவில்லை, ஒவ்வோர் ஆல்பத்துக்கும் தனக்குத் தேவையானவர்களைக் கூப்பிட்டார். 1991இன் ஹ்யூமன் ஆல்பத்தில் சினிக் குழுவின் பால் மாஸ்விடல், ஷான் ரைனர்ட் இருவரும் வாசித்தார்கள். ஜாஸ் தெரிந்த கைகள். முரட்டு இசை என்று ஒதுக்கியவர்கள் திரும்பிப் பார்த்த இடம் இது.

பிறகு 1993இல் இன்டிவிஜுவல் தாட் பேட்டர்ன்ஸ், 1995இல் சிம்பாலிக். இரண்டிலும் டிரம்ஸ் ஜீன் ஹோக்லன். சிம்பாலிக்கைப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். பம்பை என்பது இடுப்பில் கட்டும் இரட்டை மத்தளம், ஒன்று மரத்தில், ஒன்று வெண்கலத்தில். ஐம்பது வருடம் வாசித்த கை அவருடையது. இயர்போனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"ஏன்டா, இதுல ரெண்டு பேரு வாசிக்கிறாங்களா?"

"ஒருத்தர்தான் பெரியப்பா. அடியில ரெண்டு கால்லயும் மிதிக்கிறாரு."

"கால்ல மிதிச்சா இவ்வளவு சுத்தமா வருமா?" என்றவர், பாட்டை முதலிலிருந்து போடச் சொன்னார். கிடாரைப் பற்றியோ குரலைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. தொடையில் விரலால் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தார். நடுவில் தாளம் மாறுகிற இடத்தில் சரியாக நிறுத்தி என்னைப் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரி" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பார்வைதான் நினைவுக்கு வரும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. இது வெறும் கத்தல் என்றால் பாடகருக்கு ஒரே கச்சேரியில் தொண்டை போயிருக்கும். வழக்கமான குரல்நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்பு இருக்கிறது. பலர் அதை அதிர வைத்துத்தான் இந்த ஒலியைக் கொண்டுவருகிறார்கள். மூச்சைப் பிடித்து வருடக்கணக்கில் பழக வேண்டிய வித்தை. தயவுசெய்து வீட்டில் சும்மா முயன்று தொண்டையைப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள்.

மற்ற குழுக்களுக்கு வருகிறேன். ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்தில் மோரிசவுண்ட் என்று ஒரு ஒலிப்பதிவுக் கூடம். மார்பிட் ஏஞ்சல், ஒபிச்சுவரி, டீஸைட் என்று அன்றைய பெரிய பெயர்கள் எல்லாம் அங்கேதான் பதிவு செய்தன. அங்கிருந்த ஸ்காட் பர்ன்ஸ் என்ற ஒலிப்பதிவாளர் பிரேசில் வரை போய் அந்த நாட்டுக் குழுவான செபுல்டுராவின் 1989 ஆல்பத்தைப் பதிவு செய்துகொடுத்தார். மார்பிட் ஏஞ்சலின் ஆல்டார்ஸ் ஆஃப் மேட்னஸும் அதே 1989இல்தான். டெத்தை முடித்தவுடன் அதைக் கேளுங்கள். கேனிபல் கார்ப்ஸ் வடக்கே பஃபலோவில் பிறந்து பிறகு டாம்பாவுக்குக் குடிபெயர்ந்த குழு, இந்த வகையில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர். அவர்களுடைய வாசிப்பை மதிக்கிறேன். பெண்களை வதைப்பதாக எழுதிய ஆரம்பகாலப் பாட்டுகளை நான் கேட்பதில்லை, உங்களுக்கும் சொல்ல மாட்டேன். ஜெர்மனியில் 2006 வரை அவர்களுடைய முதல் மூன்று ஆல்பங்களின் பாட்டுகளை மேடையில் வாசிக்கவே தடை இருந்தது.

இங்கிலாந்தின் நேபாம் டெத்தை நேரான டெத் மெட்டல் என்று சொல்ல முடியாது, பங்காளி வகை. 1987இல் வந்த ஸ்கம் ஆல்பத்தின் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு ஆட்கள். இரண்டிலும் இருப்பவர் டிரம்ஸ் வாசித்த மிக் ஹாரிஸ் மட்டும்தான்.

ஸ்வீடனை மட்டும் வேகமாகத் தாண்டிப் போக எனக்கு மனசு வராது. ஸ்டாக்ஹோமில் நிஹிலிஸ்ட் என்று பதின்ம வயதுப் பையன்களின் குழு ஒன்று இருந்தது. அது உடைந்து என்டூம்ட் ஆனது. 1990இல் அவர்கள் போட்ட ஆல்பம் லெஃப்ட் ஹேண்ட் பாத். சன்லைட் ஸ்டுடியோவில் டோமாஸ் ஸ்கோக்ஸ்பெர்க் பதிவு செய்தது. பாஸ் கம்பெனியின் ஹெச்எம்-2 என்ற, கிடாரின் ஒலியை முரடாக்கும் சின்ன பெடலை எடுத்து, அதில் இருந்த எல்லாத் திருகையும் கடைசி வரை திருப்பி வைத்துவிட்டார்கள். யாரும் பெரிதாக விரும்பாத பெடல், 1991இல் தயாரிப்பே நின்றுவிட்டது. ஆனால் அதிலிருந்து வந்த அறுப்புச் சத்தம் ஒரு நாட்டின் அடையாளமாகி, கடைசியில் அந்தக் கம்பெனியே 2020இல் திரும்பச் செய்து விற்கும்படி ஆனது. எங்கள் பக்கத்தில் கிரானைட் அறுக்கும் இடத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளேடு கல்லில் இறங்கும் முதல் நொடி இருக்கிறதே, அதுதான் அந்தக் கிடார்.

அதே நாட்டில் கோதன்பர்க் நகரத்துப் பையன்கள் இதற்குள் மெட்டுகளைக் கொண்டுவந்தார்கள். அட் தி கேட்ஸின் 1995 ஆல்பமான ஸ்லாட்டர் ஆஃப் தி சோல் அதன் உச்சம். மெலடி இல்லாமல் முடியாது என்பவர்கள் அங்கிருந்தும் தொடங்கலாம்.

நம் நாட்டிலும் இருக்கிறார்கள். மும்பையின் டெமானிக் ரெசரெக்‌ஷன் 2000இல் தொடங்கிய குழு. 2017இல் அவர்கள் போட்ட ஆல்பத்தின் பெயர் தசாவதார், மச்சத்தில் தொடங்கி அவதாரத்துக்கு ஒரு பாட்டு. மும்பையிலேயே கட்ஸ்லிட் இன்னும் முரடு. எங்களுக்கு எப்போதும் பெங்களூர்தான் கதவு. 2011 அக்டோபர் 30 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அமெரிக்க மெட்டல் குழுவான மெட்டாலிகா வாசித்தபோது கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். அது டெத் மெட்டல் இல்லைதான். ஆனால் அந்தக் கூட்டத்தில், எனக்கு முன்னால், டெத் டி-சர்ட் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். ஹாஸ்டலுக்கு வெளியே இந்தப் பெயர் தெரிந்த ஆளை அன்றுதான் முதலில் பார்த்தேன். அவர் ஓசூர்க்காரர். இன்றைக்கும் பேசிக்கொள்கிறோம்.

சக் ஷுல்டினருக்கு 1999இல், சரியாக 32ஆம் பிறந்த நாளன்று, மூளைத்தண்டில் கட்டி என்று தெரிந்தது. சிகிச்சைக்குக் குடும்பத்திடம் போதுமான பணம் இல்லை. மற்ற குழுக்களும் ரசிகர்களும் திரட்டிக் கொடுத்தார்கள். 2001 டிசம்பர் 13 அன்று இறந்தார், வயது 34. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது, "அவங்கம்மா இருக்காங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஏழாவது ஆல்பம் 1998இல் வந்த தி சவுண்ட் ஆஃப் பெர்சிவரன்ஸ். அதில் வாய்ஸ் ஆஃப் தி சோல் என்று ஒன்று இருக்கிறது. பாட்டு இல்லை, உறுமல் இல்லை, டிரம்ஸும் இல்லை, கிடார் மட்டும். வரிசையாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன், இதற்கு மட்டும் விதிவிலக்கு. நீங்கள் இதையெல்லாம் போடும்போது வீட்டில் யாராவது வந்து "என்ன சத்தம் இது" என்று நின்றால், அவர்களுக்கு முதலில் இதைப் போட்டுக் காட்டுங்கள். என் அம்மா சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே "அந்தக் கிடார் மட்டும் வருமே, அதப் போடு" என்று கேட்பது இதைத்தான்.