தப்பு செய்யாதவர் போலீஸ் விசாரணைக்கு ஏன் பயப்பட வேண்டும்? கூப்பிட்டால் போய்ப் பதில் சொல்லிவிட்டு வரலாமே?

கேள்வி கேட்டவரை இதுவரை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டதில்லை என்று நினைக்கிறேன். கூப்பிட்டிருந்தாலும் பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்காக இருக்கும், நாற்காலி போட்டிருப்பார்கள். குத்திக் காட்டவில்லை, எங்கள் வீட்டிலும் ஒரு காலத்தில் இதையேதான் பேசுவோம். என் சித்தப்பா ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். ஆகவே "போலீஸ் விரோதி" என்று கமெண்ட் போடத் தயாராக இருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

என் தம்பி லோடு ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் தெருக் கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டுவதில் ஆரம்பித்த தகராறு, இரண்டு கோஷ்டியாகி நாற்காலிகள் பறந்தன. அவன் விலக்கப் போனானா, அவனும் இரண்டு போட்டானா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வழக்கில் அவன் பெயரும் சேர்ந்தது. கோர்ட்டில் விசாரணை நடந்து விடுதலையும் ஆகிவிட்டான். ஆனால் அந்தத் தீர்ப்பு, தகராறு பேர்வழிகள் என்று ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. ஆடித் திருவிழா வந்தாலும் தேடுவார்கள், தேர்தல் வந்தாலும் தேடுவார்கள்.

அப்படி ஒரு திருவிழாவுக்கு முன்னால், விடியற்காலையில் இரண்டு பேர் வந்தார்கள். தம்பி மார்க்கெட் லோடுக்குப் போயிருந்தான். "அப்ப பெரியவர் வாங்க, பையன் வந்ததும் போயிடலாம்" என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பாவுக்கு 64 வயது, சர்க்கரை வேறு. நான் போனபோது ரைட்டர் (ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் போலீஸ்காரர்) மேசைக்கு எதிரே பெஞ்சில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனை வாங்கி டிராயருக்குள் போட்டிருந்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். ரைட்டர் என்னைப் பார்த்ததும், "தம்பி, வெள்ளைப் பேப்பர் ஒரு குயர் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன். எந்த கேஸில் அப்பாவை உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "கேஸெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வது போல.

கேஸ் இல்லாததுதான் ஆபத்தே. கைது என்றால் கைதுக் குறிப்பு எழுத வேண்டும், சாட்சி கையெழுத்து வாங்க வேண்டும், வீட்டுக்குச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். 24 மணி நேர விதி அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. மற்றதையெல்லாம் 1996-ல் காவல் மரணங்கள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வரிசையாகச் சொல்லி, பிறகு சட்டத்திலேயே ஏறிவிட்டது. கைது இல்லை என்று சொல்லிவிட்டால் எதுவும் எழுத வேண்டியதில்லை. அப்பா மதியம் வரை அங்கே இருந்ததற்கு எந்த ரெஜிஸ்டரிலும் ஒரு வரி கிடையாது. மயங்கி விழுந்து ஏதாவது ஆகியிருந்தால், இங்கே வரவே இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் 2020 சாத்தான்குளத்தை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்ததாகப் பிடித்துப் போன தந்தையும் மகனும் செத்துப்போனார்கள். ஸ்டேஷன் கேமராவில் போதுமான இடம் இருந்தும், அன்றன்றைய பதிவு தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் எழுதினார். 2025 ஜூனில் திருப்புவனத்தில், நகை காணோம் என்ற புகாருக்காகக் கோயில் காவலாளி ஒருவரைப் பிடித்து, கோயிலுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் வைத்து அடித்த வீடியோ வெளியே வந்தது. அவரும் உயிரோடு வீடு திரும்பவில்லை. "கூப்பிட்டால் போய்ப் பதில் சொல்லிவிட்டு வரலாமே" என்று அந்த வீட்டார்களிடம் கேட்க முடியுமா?

இன்னொன்று. சாட்சியாக விசாரிப்பதென்றால்கூட, 60 வயதைக் கடந்த ஆணையும் எந்த வயதுப் பெண்ணையும் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் இருக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலான பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 179-வது பிரிவு. பழைய சட்டத்தில் ஆணுக்கு 65 வயது என்று இருந்தது. எங்கள் அப்பா சாட்சியும் இல்லை.

மதியம் தம்பி வந்தான். பாதி இடம் காலியாக இருந்த ஒரு படிவத்தில் அவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இருவரையும் அனுப்பினார்கள். கொஞ்ச நாளில் தம்பிக்குத் தாசில்தாரிடமிருந்து சம்மன். பழைய சட்டத்தில் 107-வது பிரிவு, இப்போது பி.என்.எஸ்.எஸ்.-ல் 126. இவரால் பொது அமைதி கெடலாம் என்று நினைத்தால், ஒரு வருடம் வரை ஒழுங்காக இருப்பேன் என்று பாண்டு, அதாவது உறுதிப் பத்திரம், எழுதி வாங்கலாம். இரண்டு ஜாமீன்தாரர் வீட்டு வரி ரசீதோடு வர வேண்டும் என்றார்கள். பெரிய மாமா "யோசிச்சுச் சொல்றேன்" என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.       

நகரங்களில் நிலைமை இன்னும் மோசமாக இருந்தது. போலீஸ் துணை கமிஷனர்களுக்கே, தாசில்தார் போல இப்படிப் பாண்டு வாங்கும் நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரத்தை அரசாணை போட்டுக் கொடுத்திருந்தார்கள். போலீஸ் எழுதிக் கொடுக்கும், போலீஸே விசாரிக்கும், பாண்டை மீறினாய் என்று போலீஸே ஜெயிலுக்கு அனுப்பும். 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணைகளை ரத்து செய்தது. ஆணை போட்டது ஒரு ஆட்சி, கோர்ட்டில் அதற்காக வாதாடியது இன்னொரு ஆட்சி. இதை ஒரு கட்சிக்காரர் எழுதியது என்று யாரும் கிளம்பி வர வேண்டாம்.

நான் வக்கீல் இல்லை. ஆனாலும் உங்களுக்கு அழைப்பு வந்தால், எழுத்தில் நோட்டீஸ் கேளுங்கள். முறைப்பார்கள், முறைக்கட்டும். தனியாகப் போகாதீர்கள். உள்ளே போகும் நேரத்தை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பிவிட்டுப் போங்கள். காலி இடம் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வக்கீலுக்கு வசதி இல்லை என்றால் 15100-க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.

தம்பியின் விடுதலைத் தீர்ப்பு நகலை வைத்து, ஸ்டேஷன் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுக்கச் சொல்லி மேலதிகாரிக்கு மனு கொடுத்திருக்கிறோம். ரசீது இருக்கிறது, பதில் இல்லை. இப்படிப் பெயர் நீக்கம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எப்படி வாங்கினீர்கள், கோர்ட்டுக்குப் போக வேண்டியிருந்ததா, எவ்வளவு செலவானது என்று கமெண்டில் சொல்லுங்கள். திருவிழாவுக்குக் கொடியேற்ற இன்னும் அதிக நாள் இல்லை.