அமெரிக்காவில் மலை நடை போன இடத்தில் பழைய பானை ஓடு கிடந்தால் எடுத்து வரலாமா?

கூடாது. குனிந்து பாருங்கள், படம் எடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். நான் இதைத் தப்பு செய்து கற்றுக்கொண்டவன்.

யூட்டா மாநிலத்தின் சீடார் மீசா மேட்டுநிலத்தில், பியூப்லோ என்னும் பூர்வகுடி மக்களின் முன்னோர் பாறைக் குடைவுக்குள் கட்டிய பழைய வீடு ஒன்றின் கீழே கட்டைவிரல் அகல ஓடு கிடந்தது. வெள்ளை மேல் கறுப்புக் கோடு. பையில் போட்டுக்கொண்டு அரை மைல் நடந்தும் விட்டேன். கூட வந்தவர் "எந்த இடத்துல எடுத்தீங்க?" என்றார். கையைக் காட்டினேன், சரியாகச் சொல்ல முடியவில்லை. அந்தக் கோடுகளை வைத்துத்தான் ஒரு வீட்டில் ஆட்கள் எப்போது குடியிருந்தார்கள் என்று தொல்லியலாளர்கள் கணிக்கிறார்கள். கிடந்த இடம் தெரியாவிட்டால் அந்தக் கணக்குக்கு அது உதவாது. திரும்பிப் போய், குத்துமதிப்பாக ஓரிடத்தில் வைத்தேன். அது அதன் இடம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சட்டமும் சொல்லிவிடுகிறேன். 1979ஆம் ஆண்டின் தொல்லியல் வளப் பாதுகாப்புச் சட்டப்படி, கூட்டரசு நிலத்தில் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுத்தால், முதல் தடவைக்கே 10,000 டாலர் வரை அபராதமோ ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். பொருளின் மதிப்பும் சேதத்தைச் சீரமைக்கும் செலவும் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் தண்டனை இரட்டிப்பு. தரைமேல் கிடக்கும் அம்பு முனைக்கு மட்டும் இந்தச் சட்டத்தில் தண்டனை இல்லை. அதை நம்பி எடுத்துவிடாதீர்கள், வேறு விதிகள் பிடிக்கும்.

புதைபடிவத்துக்குக் கணக்கு வேறு. கூட்டரசின் நில மேலாண்மைத் துறை (BLM) பார்த்துக்கொள்ளும் நிலத்தில் சாதாரணச் சிப்பி, இலைப் படிவங்களைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் எடுக்கலாம். முதுகெலும்பு உள்ள உயிரின் எலும்புக்கு அனுமதி வேண்டும். தேசியப் பூங்காவில் எதையும் தொடக்கூடாது.

"ஒரு துண்டில் என்ன ஆகிவிடும்?" என்பவர்களுக்கு நான் சொல்வது தென் டகோட்டா கதை. சைக்கட் (பனை போலத் தோன்றும் ஒரு செடி) போன்ற பழங்காலத் தாவரங்களின் அருமையான படிவங்கள் அங்கே தரையிலேயே கிடந்தன. யேல் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் வீலண்ட் அந்த நிலத்தை, குடியேறுபவர்களுக்கு அரசு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டத்தின்கீழ் தன் பெயரில் வாங்கி, பாதுகாக்கட்டும் என்று அரசிடமே திருப்பிக் கொடுத்தார். அந்த இடம் 1922இல் தேசிய நினைவுச்சின்னம், அதாவது அரசு பாதுகாக்கும் இடம், ஆனது. அதற்குள் தரைமேல் இருந்தவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. அள்ளியவர்களில் ஆய்வாளர்களும் உண்டு, வீலண்ட் உட்பட. பார்க்க ஒன்றும் மிஞ்சாததால் 1957இல் அந்த அந்தஸ்தையே எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்று: அங்கங்கே கிடக்கும் ஓடுகளைப் பொறுக்கி ஒரு தட்டைப் பாறைமேல் அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள், அடுத்து வருபவர் பார்க்கட்டுமே என்று. நல்ல மனசுதான். ஆனால் அதுவும் இடம் மாற்றியதுதான். நீங்களும் ஒன்றை அதில் சேர்க்காதீர்கள்.