அப்பாவின் கடையில் கணக்கு எழுதியது அனுபவமாகுமா?

கேள்வி: மோல்மீனில் வணிகவியல் பட்டம் முடித்திருக்கிறேன். ரங்கூனில் ஒரு பருப்பு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கர் வேலைக்கு அடுத்த வாரம் நேர்முகத் தேர்வு. என் பர்மிய மொழியில் தமிழ் வாடை அடிக்கும். அப்பாவின் மளிகைக் கடையில் கணக்கு எழுதியதைத் தவிர அனுபவம் இல்லை. எப்படித் தயாராவது?

பதில்:

தம்பி, "அதைத் தவிர அனுபவம் இல்லை" என்ற வரியைப் படித்ததும் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏறத்தாழ இதே சொற்களைச் சொல்லித்தான் நான் ஒரு வேலையை இழந்தேன்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கையில் எல்.சி.சி.ஐ. எனும் லண்டன் வணிகச் சபையின் இரண்டாம் நிலைக் கணக்கியல் சான்றிதழ். இருபது கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் விடை எழுதி ஒரு மாதம் மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதல் கேள்விக்கு மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அடுத்து, நடுவில் இருந்த பெரியவர் பர்மிய மொழியில் கேட்டார்: "ஏட்டில் உள்ளதைவிடக் கிட்டங்கியில் நாற்பது வீசை எடை குறைகிறது. என்ன செய்வாய், அம்மா?"

எனக்குப் பதில் தெரியும். பள்ளி நாளிலிருந்தே சித்தப்பாவின் பருப்புக் கிட்டங்கியில் இருப்பு எழுதியவள் நான். ஈரம் காய்ந்தால் எடை இறங்கும். சாக்கின் எடையைக் கழிக்காமல் வரவு வைத்திருப்பார்கள். புடைத்ததில் கழிவு போயிருக்கும். தராசைச் சரிபார்த்துப் பல நாள் ஆகியிருக்கும். இத்தனையும் பார்த்த பிறகுதான் ஆள்மீது சந்தேகப்படலாம் என்று சித்தப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் நான் படித்த இருபது கேள்விகளில் இது இல்லை. குடும்பக் கடையில் செய்ததை ஒரு நிறுவனத்தில் சொன்னால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்து, "அனுபவம் இல்லை, ஐயா" என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் திரும்பும்போது ஒவ்வொரு காரணமும் வரிசையாக நினைவுக்கு வந்தது. அழுதுகொண்டே வீடு போய்ச் சேர்ந்தேன்.

இரண்டு தேர்வுகள் கழித்து வேறொரு நிறுவனத்தில் "இதுவரை என்ன செய்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். அந்தக் கிட்டங்கியைப் பற்றியே பத்து நிமிடம் பேசினேன். வேலை கிடைத்தது. இன்று மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன். "கடினமாக உழைப்பேன், குழுவோடு ஒத்துப்போவேன்" என்ற விடைகள் மாலைக்குள் எனக்கு மறந்துபோகின்றன. ஒரு பையன் தன் அப்பாவின் கடையில் கடன் நோட்டைத் தெருவாரியாகப் பிரித்து, எந்தத் தெருவில் பாக்கி தேங்குகிறது என்று கண்டுபிடித்ததைச் சொன்னான். அவனை மறக்கவில்லை, வேலைக்கும் எடுத்தோம்.

ஆகவே இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை இதுதான். கடையில் நீங்களே கையாண்ட இரண்டு சிக்கல்களை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதம், எவ்வளவு தொகை, எங்கே பிசகியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள், அதன்பின் எதை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். பிறகு தாளை மூடிவைத்துவிட்டுப் பர்மிய மொழியில் வாய்விட்டுச் சொல்லுங்கள், கடைக்கு வரும் பர்மிய நண்பர் ஒருவரிடம். ஒவ்வொரு முறையும் சொற்கள் மாறட்டும். எண்கள் மாறக் கூடாது.

தமிழ் வாடை பற்றிக் கவலைப்படாதீர்கள். என் பேச்சில் அது இன்றும் இருக்கிறது. ஆனால் எண்களில் மட்டும் கவனம் வேண்டும். பர்மிய மொழியில் ஆயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் உள்ள சொற்கள் இரண்டும் நம் காதில் 'தவுங்' என்றே விழும். ஆயிரத்துக்குக் குரல் தாழும். பத்தாயிரத்துக்கு நாக்கின் நுனி பல்லிடுக்கில் வரும், குரல் உயரும். நாம் நாற்பத்தைந்தாயிரம் என்பதை அவர்கள் நான்கு பத்தாயிரம், ஐந்து ஆயிரம் என்று பிரித்துச் சொல்வார்கள். கணக்கர் வேலைக்கு வந்தவர் இங்கே தடுமாறினால் அது உச்சரிப்புப் பிழையாகத் தெரியாது, கணக்குப் பிழையாகத் தெரியும். தினமும் பத்து பில்களை எடுத்து உரக்க வாசியுங்கள். எதிர்பார்க்கும் சம்பளத்தையும் லட்சத்தில், அதாவது 'தெய்ன்' கணக்கில், சொல்லிப் பழகுங்கள்.

பருப்பு நிறுவனம் என்பதால் அளவுகளைக் கேட்பார்கள். பர்மிய வீசை ஏறத்தாழ 1.63 கிலோ, ஒரு மெட்ரிக் டன்னுக்குச் சுமார் 612 வீசை. (நம் தாத்தாக்கள் சென்னைப் பக்கம் புழங்கிய வீசை 1.4 கிலோதான். ஆங்கிலேயர் பர்மிய எடைக்குச் சொன்ன 'விஸ்' என்ற பெயர் நம் வீசையிலிருந்து போனது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.) உள்ளூரில் வீசையில் வாங்கி, டாலரில் டன் கணக்கில் விற்கும் தொழில் இது. அந்த மாற்றத்தைத் தாளில்லாமல் போடத் தெரிந்தால் பாதி தேர்வு முடிந்தது. மாட்பெ என்ற நம் உளுந்தில் எஃப்.ஏ.க்யூ. சராசரித் தரம், எஸ்.க்யூ. அதற்கு மேலான தரம் என்பதையும், பெரும்பகுதி இந்தியாவுக்கே போகிறது என்பதையும் அறிந்து செல்லுங்கள். 2021 ஜூனில் இரு நாடுகளும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2.5 லட்சம் டன் உளுந்து, 1 லட்சம் டன் துவரை என்று ஐந்து நிதியாண்டுகளுக்கு, 2025-26 வரை, அளவு குறித்தார்கள். இந்தியா இறக்குமதி விதியை மாற்றினால் ரங்கூன் சந்தையில் விலை ஆடும். இதை இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிற பட்டதாரிகள் என் மேசைக்கு அதிகம் வருவதில்லை.

உளுந்து வாங்குபவர்களில் பலர் சென்னைக்காரர்கள். உங்கள் தமிழை விண்ணப்பத்தில் எழுதினீர்களா? எழுதாவிட்டால் அங்கே வாயால் சொல்லுங்கள். சென்னை வியாபாரியிடம் தொலைபேசியில் பாக்கியைக் கேட்டு வாங்கத் தெரிந்த கணக்கர் அந்த நிறுவனத்துக்குக் கிடைப்பது எளிதில்லை.

மற்றவை சிறியவை. அடையாள அட்டை, குடும்பப் பட்டியல் நகல், வார்டு அலுவலகக் கடிதம், காவல் நிலையக் கடிதம், தொழிலாளர் பதிவு அட்டை இவற்றில் எதைக் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்து இன்றே தொடங்குங்கள். வார்டு கடிதம் நாள் பிடிக்கும். வீட்டில் ஒரு பெயர், அட்டையில் பர்மியப் பெயர் என்பது நம்மில் பலருக்கும் உண்டு. சான்றிதழிலும் அட்டையிலும் பெயர் வேறுபட்டால், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே விளக்கிவிடுங்கள். தாள்களை வலக்கையால், இடக்கையை வலது முழங்கைக்கு அருகே வைத்துக் கொடுங்கள்.

இரவு பஸ்ஸில் வந்து இறங்கி நேரே தேர்வுக்குப் போக வேண்டாம். முந்தின நாளே வந்துவிடுங்கள். ரங்கூனில் தங்க இடமில்லை என்றால் இங்கே எழுதுங்கள். உறவுக்காரர் வீடு ஏதாவது கிடைக்குமா என்று விசாரித்துச் சொல்கிறேன்.