பன்னிரண்டு பாரில் மூன்று வரி

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். வயது 22. சின்ன வயதில் கோயில் வகுப்பில் நாலு வருஷம் மிருதங்கம் படித்தேன். இப்போது ஆறு மாதமாகப் போனில் வீடியோ பார்த்து கிட்டாரில் ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பு மக்களின் பாட்டு, பழகுகிறேன். ஈ செவன், ஏ செவன், பி செவன் மூன்று கார்டும் கைக்கு வந்துவிட்டன. பன்னிரண்டு பார் வரிசையும் மனப்பாடம். ஆனால் எட்டு பார் வரைக்கும் ஒழுங்காகப் போய், ஒன்பது, பத்தில் தொலைந்துவிடுகிறேன். தொலையாமல் வாசித்த நாளிலும் அது பாட்டாக இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது. அப்பா, "இந்த ஊரிலேயே ஸூலுக்காரங்க கிட்டார் பாட்டு மஸ்கண்டி இருக்கு, கோயில்ல நாதஸ்வரம் இருக்கு, அமெரிக்காக்காரன் அழுகை உனக்கு எதுக்கு" என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது? எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினால் சத்தம் சரியாகுமா?

அன்புடன்,
க., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

மிருதங்கம் படித்தவன் என்று எழுதினாயே, அதைப் படித்ததும் எனக்குப் பாதிக் கவலை போய்விட்டது. நீ தொலைகிற இடத்தை உன் கையாலேயே உனக்குக் காட்டிவிடலாம்.

ஒரு பாருக்கு நாலு அடி. பன்னிரண்டு பாருக்கு நாற்பத்தெட்டு. ஆதி தாளத்தில் ஒரு சுற்று, அதாவது ஒரு ஆவர்த்தனம், எட்டு அட்சரம், ஆக ஒரு சுற்று ப்ளூஸ் என்பது ஆறு ஆவர்த்தனம். கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தொடையில் தாளம் போடு. முதல் இரண்டு ஆவர்த்தனமும் வீட்டுக் கார்டு, உனக்கு ஈ செவன். மூன்றாவது ஆவர்த்தனம் முழுவதும் நாலாம் கார்டு, உன் ஏ செவன். நாலாவதில் மறுபடி வீட்டுக்கு வந்துவிடுகிறாய். இதுவரை ஒரு ஆவர்த்தனத்துக்குள் கார்டு மாறவே இல்லை, கவனித்தாயா? எட்டு பார் வரைக்கும் உனக்கு நிம்மதியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஐந்தாவது ஆவர்த்தனத்தில் நிலைமை மாறுகிறது. லகுவுக்கு, அதாவது தட்டி மூன்று விரல் எண்ணுகிற நாலு அட்சரத்துக்கு, ஐந்தாம் கார்டு, உன் பி செவன். தட்டி வீசுகிற இரண்டு துருதத்துக்கு, அதாவது மீதி நாலு அட்சரத்துக்கு, நாலாம் கார்டு. ஆறாவதில் லகுவுக்கு வீடு, துருதங்களுக்கு மறுபடி ஐந்தாம் கார்டு. அதுவரை ஆவர்த்தனத்துக்கு ஒரு தரம் அடி வைத்து நடந்தவன் இப்போது பாதிக்குப் பாதி அடி மாற்றுகிறான். தனி ஆவர்த்தனம் முடிகிற நேரத்தில் மிருதங்கம் நெருக்கிக்கொண்டு வருமே, அந்த நெருக்கம் இங்கே கார்டில் நடக்கிறது. முதல் துருதத்தின் தட்டில் கார்டு மாறுகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் தொலைய மாட்டாய்.

இன்னொன்று, ஈ-யில் வாசிப்பதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்து. ஒன்பதாவது பாரில் நாலு விரலையும் கேட்கிற பி செவன் வந்து நிற்கிறது. கணக்குத் தடுமாறுகிற அதே இடத்தில் விரலும் தடுமாறுகிறது. ஏ-யில் ஆரம்பி. ஏ செவன், டி செவன், ஈ செவன். மூன்றும் லேசான கார்டுகள்.

சரி, இது தொலைவதற்கு மருந்து. வாய்ப்பாடு மாதிரி இருக்கிறது என்கிறாயே, அதுதான் பெரிய விஷயம்.

நீ அடிகளைச் சமமாக வெட்டி வாசிக்கிறாய் என்று நினைக்கிறேன். ப்ளூஸின் ஷஃபிள் நடை திஸ்ரம், ஒரு அடிக்குள் மூன்று. ஒவ்வொரு அடிக்குள்ளும் தகிட சொல்லு. 'த'வையும் 'ட'வையும் வாசி, 'கி'யை மனசுக்குள் விழுங்கு. விழுங்கின அந்த 'கி'யில்தான் ஆட்டம் இருக்கிறது. இடது கைக்கு ஒரு எளிய வேலை சொல்கிறேன். ஐந்தாவது கம்பியைத் திறந்து விடு. நாலாவது கம்பி இரண்டாம் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல். இந்த இரண்டு கம்பியை மட்டும் சேர்த்துத் த, ட. அடுத்த அடிக்கு ஆள்காட்டியை எடுக்காமலே மோதிர விரலை நாலாம் ஃப்ரெட்டில் ஊன்று, த, ட. மறுபடி எடு. வலது உள்ளங்கையின் ஓரம் பிரிட்ஜ் மேல் லேசாகப் படிந்திருக்கட்டும், சத்தம் அடங்கி உறுமும். டி-க்குப் போகும்போது இதே பிடியை ஒரு கம்பி கீழே தள்ளு. ஈ-க்கு ஒரு கம்பி மேலே. அவ்வளவுதான். ஒரு வாரம் வேறு எதையும் தொடாதே.

அதற்கப்புறம் வாயைத் திற. ஆறு மாதத்தில் ஒரு தரமாவது பாடினாயா? கடிதத்தில் கார்டு இருக்கிறது, பார் இருக்கிறது, வீடியோ இருக்கிறது, பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பன்னிரண்டு பார் என்பதை யாரோ கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாக நினைக்காதே. ஒருவன் ஒரு குறையைச் சொல்கிறான். அதையே திரும்பச் சொல்கிறான். மூன்றாவது தரம் அதற்கு ஒரு முடிவு சொல்கிறான். ஒரு வரிக்கு நாலு பார். பாதியில் வாய் பாடும், மீதியில் கிட்டார் பதில் சொல்லும். அப்படிப் பேசிப் பேசி அமைந்த வடிவம் இது. டபிள்யூ. சி. ஹாண்டி என்ற இசைக்காரர் 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் என்ற சின்ன ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது, பக்கத்தில் ஒருவன் கத்தியைக் கம்பிமேல் அழுத்தி இழைத்தபடி, இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடுகிற ஊருக்குப் போகிறேன் என்ற ஒரே வரியை மூன்று தரம் பாடியதைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். அங்கே மூன்றாவது வரிகூட மாறவில்லை. ஆனால் ஹாண்டியால் அதை ஆயுசுக்கும் மறக்க முடியவில்லை.

எனக்கும் இது ஒரு பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில்தான் புரிந்தது. உன் வயசு எனக்கு. டர்பன் வார்விக்கில் மெர்பேங்க் போகிற கடைசி பஸ் கண்ணெதிரே போய்விட்டது. கையில் கிட்டார். மூன்று மாதமாக உன்னை மாதிரியே எண்ணி எண்ணி வாசித்து அலுத்திருந்தேன். அன்றைக்கு எண்ணவில்லை, பசியில் வாய் தானாகப் புலம்பியது:

பஸ்ஸு போயிருச்சு, நான் பாக்கப் பாக்கப் போயிருச்சு
ஆமா, பஸ்ஸு போயிருச்சு, நான் பாக்கப் பாக்கப் போயிருச்சு
அம்மா வச்ச சோறு இந்நேரம் ஆறிப் போயிருச்சு

பெரிய கவிதை என்று இதை எழுதவில்லை. இரண்டாவது வரியில் என்ன நடக்கிறது என்று காட்டத்தான். வார்த்தை அதேதான், மெட்டும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் கீழே கார்டு ஏ-யிலிருந்து டி-க்கு மாறியிருக்கிறது. முதல் தரம் பஸ் போனது ஒரு செய்தி. இரண்டாம் தரம் சொல்லும்போது வயிற்றுக்குள் போய் விழுகிறது. நான் வார்விக்கில் அந்த டி-க்கு மாறின நொடியில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. மூன்றாவது வரி எங்கிருந்து வந்தது என்று தெரியாது. முதல் வரியைத் திரும்பப் பாடுகிற நேரத்தில் அது உள்ளே தயாராகிவிடுகிறது. திரும்பச் சொல்வது பாடுகிறவனுக்குக் கிடைக்கிற அவகாசம். நம்முடைய கூத்தில், இங்கே டர்பனில் சிக்ஸ் ஃபுட் டான்ஸ் என்பார்களே, அதில் வேஷக்காரர் பாடின அடியைப் பின்பாட்டுக்காரர்கள் திரும்ப எடுப்பார்கள். அந்த நேரத்தில் அவர் மூச்சு வாங்கி அடுத்த அடிக்கு நகர்வார். ப்ளூஸ்காரனுக்குப் பின்பாட்டு அவன் கிட்டார்தான்.

உன் காதுக்கு ஒரே ஒரு சிக்கல் வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். நீ வளர்ந்தது சுருதிப்பெட்டிக்குப் பக்கத்தில். தம்பூரா கடைசிவரை நகராது, ராகம் அதன்மேல் நடக்கும். ப்ளூஸில் தரையே நகர்கிறது. கிட்டாரில் மூன்றாவது கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்து, சி. ஏ-யை ஷட்ஜமாக வைத்தால் இது சாதாரண காந்தாரம். ஏ செவன் கார்டுக்குள் இருப்பதோ அதைவிட ஒரு ஃப்ரெட் மேலே நிற்கிற அந்தர காந்தாரம். இரண்டும் உரசும். அந்த உரசல்தான் ப்ளூஸின் கண்ணீர். சி-யை அழுத்திய விரலால் கம்பியை மெல்லக் கீழே இழு, அந்தரத்தை எட்டாமல் பாதி வழியில் நிறுத்து. கமகம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தப் பாதி வழி எங்கே என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த உரசல் நம் காதுக்கு அந்நியமும் இல்லை. நாட்டையில் ஷட்சுருதி ரிஷபமும் அந்தர காந்தாரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஷட்சுருதி ரிஷபம் நிற்கிற இடமும் சாதாரண காந்தாரம் நிற்கிற இடமும் ஒன்றுதான். நாதஸ்வரத்தில் நாட்டை கேட்கும்போது மயிர்க்கூச்செறிகிறதே, அந்தப் பக்கத்து வீடு இது.

இப்போது விரலை எடுக்காமல் அதே சி-யைப் பிடித்துக்கொண்டு கீழே டி செவனை நினைத்துப்பார், அல்லது நண்பன் யாரையாவது வாசிக்கச் சொல். உரசல் போய்விடும். அதே சுரம் இப்போது டி செவனுக்குச் சொந்தப் பிள்ளை, அதன் ஏழாவது. ஏ-யில் அழுத சுரம் டி-யில் ஆறுதலாக உட்கார்ந்துவிடுகிறது. நீ நகரவே இல்லை. ஒரே ஒரு நாள் ஒரு மணி நேரம் இதை மட்டும் கேட்டுக்கொண்டு உட்கார். என் வாழ்க்கையில் சங்கீதம் தந்த பெரிய சந்தோஷங்களில் இது ஒன்று.

ப்ளூஸ் மெட்டு நடக்கிற ஐந்து சுரம், ஸ க ம ப நி, சுத்த தன்யாசியேதான். அதனால் ஒரு எச்சரிக்கை. சுத்த தன்யாசி ஆலாபனையைக் கொண்டுவந்து ப்ளூஸ்மேல் கொட்டிவிடாதே. கேட்க அழகாக இருக்கும், ஆனால் மூன்று வரியும் பதிலும் காணாமல் போய்விடும். குறைவாக வாசி. வாய் பாடும்போது கிட்டார் கேட்கட்டும்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவர் சொல்வதில் பாதி மிகச் சரி, தம்பி. மஸ்கண்டியை நீ கேட்கத்தான் வேண்டும். பூஸுஷுகேலா என்று பேர்பெற்ற ஜான் பெங்கு 1950களில் நம் டர்பன் தெருக்களில்தான் வாசித்தார். பாட்டு தொடங்குமுன் இஸிஷ்லபோ என்று ஒரு வேகமான இழைப்பு வரும், சுருதியைக் காட்டிவிடும். நம் ஆலாபனை செய்கிற வேலை. நடுவில் இஸிபோங்கோ, மூச்சுவிடாமல் தன் ஊரையும் வம்சத்தையும் சொல்வது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் பிறந்த மராபியோ ப்ளூஸின் அதே மூன்று கார்டுகளை வீடு, நாலு, வீடு, ஐந்து என்று நாலே பாரில் சுற்றுகிறது. அதையும் வாசித்துப் பார். அதே மூன்று கல், வேறு அடுப்பு. வயிறு நிறைகிற விதமும் வேறு.

மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்தவர்கள் கரும்புக் காட்டில் பட்டதையும், மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் கறுப்பு மக்கள் பட்டதையும் ஒன்று என்று சொல்லி உரிமை கொண்டாட நான் தயாராக இல்லை. இங்கே ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்து வந்தார்கள், அங்கே மனிதனை விலைக்கு விற்றார்கள். அந்த வித்தியாசத்தை மழுப்பக் கூடாது. ஆனால் ஒரு பாட்டு வடிவத்தைக் கற்றுக்கொள்வதற்கு அந்தத் துயரத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. வடிவத்தை யார் தந்தார்கள் என்று தெரிந்து, நன்றியோடு, உன் பஸ்ஸைப் பாடு. அப்பாவுக்குப் பதில் சொல்லப் போகாதே. ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்குத் தெரிந்த ஒரு கஷ்டத்தை முதல் வரியாக வைத்துத் தமிழில் பாடு. மூன்றாவது வரி என்ன என்று அவரையே கேள். சொல்லாமல் இருக்க மாட்டார்.

எலக்ட்ரிக் கிட்டார் இப்போது வேண்டாம். ஷஃபிள் நடை கையில் உட்காராத வரைக்கும் எந்த மின்சாரமும் உதவாது. நம் ஊர்க் கடல் காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்து ஓசை மங்கிவிடும். உன் கிட்டாரில் ஆறு மாதமாக அதே கம்பி என்றால் முதலில் அதை மாற்று. மூன்றாவது கம்பி மெல்லியதாக இருக்கிற செட்டாகக் கேட்டு வாங்கு, இழுக்க வரும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாகப் பழைய வேட்டித் துணியால் அடியும் மேலும் துடைத்துவிட்டு உள்ளே வை.

அன்புடன்,
அண்ணன்