'ஸ்தேக் ஓ புவாவ்ர்' என்றால் என்ன? பெப்பர் ஸ்டேக்கும் அதுவும் ஒன்றா?

ஒன்றுதான், உடைத்த மிளகை அழுத்திப் பொரித்த மாட்டிறைச்சித் துண்டு. பிரெஞ்சில் 'புவாவ்ர்' என்றால் மிளகு, 'ஓ' என்றால் போட்டது, சேர்த்தது. ('புவாவ்ரோன்' என்றால் குடைமிளகாய், குழப்பிக்கொள்ளாதீர்கள்.) ஆனால் "இறைச்சியைப் பொரித்து மிளகுத்தூள் தூவினால் போதும்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வீட்டில் செய்து பார்க்கப் போகிறீர்கள் போல.

பாரிஸில் உணவகக் குசினிகளில் எனக்குப் பதினான்கு வருடம். முதல் இரண்டு வருடமும் கோப்பை கழுவினேன். ஒருநாள் இரவு சமையல்காரர் ஒருவர் வரவில்லை, என்னை அடுப்பில் விட்டார்கள். முதல் ஓடரே இதுதான். அம்மா செய்வதுபோல மிளகை மாவாக அரைத்துப் பூசித் தாச்சியில் போட்டேன். கருகி ஒரே கசப்பு. பெரிய சமையல்காரர் அதைக் குப்பையில் கொட்டினார். ஒரு பிடி முழு மிளகைப் பலகையில் பரப்பி, கனமான தாச்சியின் அடியால் அழுத்தி முன்னே தள்ளினார். ஒவ்வொரு மணியும் மூன்று நான்காக உடைந்தது. தூளை அரித்து ஒதுக்கிவிட்டு, அந்தக் குருணையை உள்ளங்கையால் இறைச்சியில் அழுத்தச் சொன்னார்.

அப்புறம் சோஸ். இறைச்சியைப் பொரித்து எடுத்துவைத்து, கொழுப்பை வடித்து, அதே தாச்சியில் கொஞ்சம் கொன்யாக் (பிரெஞ்சு பிராந்தி) விட்டுத் தீ காட்ட வேண்டும். நெருப்பு அடங்கியதும் எலும்புச் சாறும் கிரீமும் சேர்த்து, கரண்டியில் ஒட்டும்வரை வற்றவிடுங்கள். தாச்சி அடியில் பிடித்திருப்பதில்தான் ருசியே இருக்கிறது.

கிரீம் இல்லாமலும் செய்கிறார்கள், பச்சை மிளகிலும் செய்கிறார்கள். அது பிழை என்று நான் சொல்லவில்லை. மாட்டிறைச்சி பற்றி எழுதலாமா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு, இது என் தொழில், அவ்வளவுதான்.

ஊருக்குப் போனால் கல்யாண வீட்டில், "இன்னும் கோப்பைதானோ கழுவுறாய்?" என்கிறார்கள். கோப்பை கழுவுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இங்கே எத்தனை பிரெஞ்சு அடுப்புகளில் எங்கள் பொடியள் நிற்கிறார்கள் என்று கேட்க ஒருவருக்கும் மனமில்லை. அது எனக்கு இன்றும் நோகிறது.

சரி, கடையில் ஓடர் கொடுத்தால் எவ்வளவு வேகவேண்டும் என்று கேட்பார்கள். 'ஆ புவான்' என்றால் இங்கே நடுவில் சிவப்பாகத்தான் வரும். சிவப்பு வேண்டாமென்றால் முதலிலேயே 'பியான் குயி' என்று சொல்லிவிடுங்கள்.