கேள்வி பதில்: வல்லூறுச் சங்கமும் வட்டக்களரியும்

கேள்வி: செக் நாட்டின் ‘சோகோல்’ உடற்பயிற்சிச் சங்கத்தை எங்கள் கூத்துக்களரியோடு ஒப்பிட முடியுமா?
– வாசகர் ஒருவர், ஆரையம்பதி, மட்டக்களப்பு

பதில்: ஓரளவுக்கு முடியும். சோகோல் என்றால் வல்லூறு. ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் செக் மக்கள் இருந்தபோது, 1862 இல் மிரோஸ்லாவ் டிர்ஷ், இந்திரிக் ஃபுயூக்னர் ஆகியோர் அதனைப் பிராகா நகரில் தொடங்கினர். செந்நிறச் சட்டை அணிந்த உறுப்பினர்கள் ஒருவரையொருவர் ‘சகோதரா’ என்றே விளித்தனர். 1882 முதல் ‘ஸ்லெட்’ எனும் பெருவிழாக்கள் நடந்தன. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இசைக்கு ஒன்றாக அசைந்த அக்காட்சியை, உடற்பயிற்சி என்பதிலும் ஆட்டம் என்பதே பொருந்தும். ஆட்சியாளர்கள் அஞ்சியதில் வியப்பில்லை: ஆஸ்திரிய அரசு 1915 இல் அதனைக் கலைத்தது, நாசிகள் 1941 இல் தடைசெய்தனர், பின்னர் கம்யூனிச ஆட்சியும் ஒடுக்கியது. 1990 இல் அது மீண்டும் உயிர்பெற்றது.

நம் களரிக்கு, அதாவது நாட்டுக்கூத்து பழகி ஆடும் களத்துக்கு, அமைப்பு விதிகளோ உறுப்பினர் பட்டியலோ கிடையாது. ஆடுவோருக்கு அவரவர் பாத்திரத்தின் ஏட்டுப் பகுதியை வழங்கும் ‘சட்டம் கொடுத்தல்’ முடிந்த பின், இரவு இரவாக, கூத்தைப் பழக்கும் ஆசானாகிய அண்ணாவியாரின் மத்தள அடிக்குக் கால் பிசகாமல் ஆடப் பழகி, சதங்கை அணி விழாவைக் கடந்து அரங்கேற்றத்துக்கு வருவதற்கு மாதங்கள் செல்லும். கூடைபோல் விரிந்த கனத்த கரப்புடுப்போடு, வட்டமான ஆடுகளமாகிய வட்டக்களரியைச் சுற்றி ஆடும் வடமோடிக் கூத்து அரசனுக்கு வேறு தேகப்பயிற்சி எதற்கு? ஆனால் சோகோல் தேசத்துக்காக உடலைப் பழக்கியது. களரியோ கதைக்காகப் பழக்குகிறது. என் பார்வையில் அதுவே பெரிய வேறுபாடு.