தாத்தா வாங்கித் தரும் பொட்டலம்

ஐயா, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். மகனுக்கு மூன்று வயது. மாமனார் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டி ஓய்வுபெற்றவர். தினமும் மாலையில் பேரனை மோட்டார் சைக்கிளில் உட்கார வைத்துக்கொண்டு கடைக்குப் போவார். திரும்பும்போது பிள்ளையின் கையில் சிப்ஸ் பொட்டலம் இருக்கும். இரவில் சோற்றைத் தள்ளிவிடுகிறான். வேண்டாம் என்றால், "நாங்கள் வளர்க்காத பிள்ளையா?" என்கிறார் மாமியார். கணவர் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. பொட்டலங்களை அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தேன். நாற்காலி போட்டு ஏறி எடுத்துவிட்டான். பாலர் பள்ளியிலும் யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஒரு பை நிறைய அதேதான். படித்த திமிர் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். நான் அளவுக்கு மீறிக் கண்டிக்கிறேனா?

— ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கவலை நியாயமானது. ஆனால் ஒளித்து வைப்பது வேலைக்கு ஆகாது.

முதலில் கணக்கு. பொட்டலத்தின் பின்புறம் 'நாட்ரியம்' என்று மலாயில் போட்டிருப்பார்கள், சோடியம்தான் அது. அந்த எண்ணை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். நூறு கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருந்தால், 60 கிராம் பொட்டலம் ஒன்றில் ஏறக்குறைய 0.9 கிராம் உப்பு. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் 2 கிராம் உப்பு போதும் என்கிறது பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவை. பாதியைக் கடை வாசலிலேயே முடித்துவிட்டு வருகிறவனுக்கு மீன் குழம்பும் ரசமும் சம்பாலும் வீட்டில் காத்திருக்கின்றன. மாலை ஐந்தரைக்குக் கொழுப்பும் மாவும் நிறைந்த வயிறு ஏழு மணிக்குச் சோறு கேட்காது. அவன் அடம் பிடிக்கவில்லை, உண்மையிலேயே பசியில்லை.

உங்கள் மாமனாரைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவர் தலைமுறைத் தோட்டப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். விடியும் முன்பே அம்மா பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, போய்விடுவாள், பிள்ளை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். கடையில் எது வாங்கினாலும் 555 புத்தகத்தில் கடனாக எழுதி, சம்பளத்தன்று கழித்துக்கொள்வார்கள். அந்தப் புத்தகத்தில் அரிசி ஏறும், கருவாடு ஏறும். பிள்ளை கைகாட்டிய பண்டத்தை ஏற்ற எந்தத் தகப்பனுக்கும் துணிவு வராது. இன்று அதே கடை வாசலில் பொட்டலங்கள் சரம் சரமாக, மூன்று வயதுக்காரனின் கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகின்றன. பேரன் ஒன்றைப் பிடித்து இழுக்கிறான். தாத்தா சட்டைப் பையிலிருந்து வெள்ளியை எடுத்து ரொக்கமாக நீட்டுகிறார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் "உப்பு அதிகம் மாமா" என்று சொல்லும்போது அவர் காதில் விழுவது வேறு. (அவர் ஆயுள் முழுவதும் வெட்டிப்போட்ட குலையின் எண்ணெய்தான் பெரும்பாலும் அந்தச் சிப்ஸைப் பொரித்திருக்கும் என்பதையும், அந்த எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதையும் அவரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.)

ஆகவே இதைப் பேச வேண்டியவர் உங்கள் கணவர். அப்பாவிடம் மகன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. மருமகள் சொன்னால் ஊர்ப் பேச்சாகிவிடும். அவர் தலையைத் தூக்கட்டும்.

மாமியார் வளர்த்த பிள்ளைகள் நன்றாகத்தான் வளர்ந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குத் தினமும் பொட்டலம் கிடைக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் பாதிப் பேர் எடை கூடியவர்கள் என்று தெரிந்தது. "நாங்கள் வளரவில்லையா" என்று கேட்பவர்கள் அந்தப் பாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதற்காகச் சிப்ஸுக்குப் பதில் முறுக்கு என்று சமரசம் செய்துகொள்ளாதீர்கள். அதுவும் எண்ணெயும் உப்பும்தான். ஈப்போ புந்தோங் கச்சான் பூத்தே, அந்தக் கடலைப் பண்டம், எனக்கும் உயிர். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழுக் கடலை கொடுக்கக்கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இனி அந்த மேல்தட்டு. 1999-இல் ஜெனிஃபர் ஃபிஷர், லீயான் பர்ச் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் சிறு பிள்ளைகளிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பண்டத்தைக் கண்ணெதிரே வைத்து, எடுக்க விடாமல் தடுத்தபோது, பிள்ளைகள் அதைப் பற்றியே பேசினார்கள், அதையே கேட்டார்கள். உங்கள் மகன் நாற்காலி போட்டதும் அதனால்தான். வீட்டில் இருப்பு வைக்காதீர்கள். வாங்கினால் வாரத்தில் ஒரு நாள், சிறு கிண்ணத்தில், எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அழுகையை நிறுத்தவும், சொன்ன பேச்சு கேட்டதற்கும் மட்டும் அதைக் கொடுக்கவே கூடாது. மோட்டார் சைக்கிள் சவாரி தொடரட்டும். கடைக்குப் பதில் பழக்கடைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்: ஒரு சீப்பு பிசாங் மாஸ், நன்றாகப் பழுத்த கொய்யா. மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ தூவிக் கொடுக்க உங்கள் மாமனாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. முதல் நாள் பிள்ளை துப்புவான். புதுச் சுவை பிடிக்கப் பத்து முறைகூட ஆகலாம்.

பாலர் பள்ளிப் பையை விட்டுவிடுங்கள். மாதத்துக்கு ஒன்றிரண்டு பிறந்தநாளுக்காக ஆசிரியரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம்.

இரவில் சோற்றைத் தள்ளினால் தட்டை எடுத்துவிடுங்கள், பின்னாலேயே ஓடி ஊட்டாதீர்கள். அதற்கு ஈடாக அன்றிரவு வேறு எதுவும் வரக்கூடாது, தாத்தா கையிலிருந்தும். எடை குறைந்துகொண்டே போனால் மட்டும் கிளினிக்கில் தாதியிடம் காட்டுங்கள்.